மரவிதைப் பரிசோதனையின் அவசியம்

நெல் விதை வாங்கச் செல்லும் குடியானவர் மூட்டையின் வாயில் நீலச் சீட்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். அச்சீட்டு உள்ள விதையில் முளைக்கும் சக்தி நூற்றுக்கு 80-க்குக் குறையாது, சுத்தம் 98-க்குக் குறையாது, ஈரம் 13-க்கு மேற்படாது என்பது சான்று விதைக்கு ஏற்பட்ட விதி. அதே குடியானவர் வரப்போரத்தில் நடுவதற்காகத் தேக்கு விதையோ வேப்பம் விதையோ வாங்கும்போது, சாக்கை அவிழ்த்துக் கையால் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, விலை பேசி, எடை போட்டு வாங்கிவந்துவிடுகிறார். எந்த மரத்து விதை, எந்த மாதம் பொறுக்கியது, நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்பவற்றை அவர் கேட்பதுமில்லை, விற்பவர் சொல்வதுமில்லை. நான்கு மாதப் பயிருக்கு அத்தனை ஜாக்கிரதையும், இருபது வருஷப் பயிருக்கு இத்தனை அசிரத்தையும் எவ்விதத்திலும் பொருந்துவதாக இல்லை.

இதற்குச் சட்டமும் ஓரளவு காரணமே. 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டம் உணவுப் பயிர், எண்ணெய் வித்து, பழம், காய்கறி, பருத்தி, கால்நடைத் தீவனம், சணல் ஆகியவற்றின் விதைகளையே தன் வரையறைக்குள் கொண்டது. காட்டு மரங்களின் விதை அதில் சேரவில்லை. ஆகையால் மரவிதை விற்பவர் முளைப்பு விகிதத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமென்று அச்சட்டத்தைக் காட்டி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சட்டம் கேளாத இடத்தில் வாங்குபவர்தாம் கேட்க வேண்டும். கேட்பவர் பத்துப் பேர் சேர்ந்தால் விற்பவர் சீட்டு எழுதத் தொடங்குவார். கேட்பவர் இல்லாதவரையில் சொத்தை விதைக்கும் நல்ல விதைக்கும் சந்தையில் ஒரே விலைதான்.

மரவிதையில் ஏமாறுவதற்கும் பயிர்விதையில் ஏமாறுவதற்கும் பெரும் வேற்றுமை உண்டு. நெல் விதை கெட்டதென்றால் ஒரு வாரத்தில் நாற்றங்கால் சொல்லிவிடும். வேறு விதை வாங்கித் தெளிக்கலாம். மரவிதையின் குறையோ மூன்று தவணைகளில் வெளிப்படும். விதை செத்திருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் தெரியும். விதை உயிரோடிருந்தும் வீரியம் குன்றியிருந்தால், கன்று பையில் ஒருவாறு நின்று, நட்ட முதற்கோடையில் காய்ந்துபோகும். பழி வெயிலின்மேல் விழும். தாய்மரம் தரமற்றதாயிருந்தால் அது தெரிவதற்குப் பத்துப் பதினைந்து வருஷமாகும். அதற்குள் நிலம், தண்ணீர், காவல் எல்லாம் செலவாகி முடிந்திருக்கும். முதல் தவணை நஷ்டம் விதை விலையோடு போகிறது. மூன்றாம் தவணை நஷ்டத்துக்கு ஈடு இல்லை.

விதைப் பரிசோதனை என்பது பயிர்களுக்கே உரியது, காட்டு மரத்துக்கு மிகை என்று எண்ணுவோர் அநேகர். அது பிறந்த இடத்தை நோக்கினால் அவ்வெண்ணம் மாறும். உலகில் முதல் விதைப் பரிசோதனை நிலையம் 1869-இல் ஜெர்மனி தேசத்தில் சாக்ஸனியைச் சேர்ந்த தாராண்ட் என்னும் ஊரில் பிரடெரிக் நோப்பே என்பவரால் ஏற்படுத்தப்பட்டது. தாராண்ட் காட்டுவளக் கல்லூரிக்குப் பேர்போன ஊர். நோப்பேயும் அக்கல்லூரியில் ஆசிரியராக இருந்தவரே. பதரும் களைவிதையும் கலந்து விதை விற்கப்பட்ட காலம் அது. முளைக்கும் விதைகளை எண்ணுவது மட்டும் போதாது, முளை எத்தனை வேகத்தோடும் பலத்தோடும் மேலே தள்ளி எழுகிறது என்பதையும் காணவேண்டும் என்ற கருத்தை 1876-இலேயே அவர் எழுதி வைத்தார். இன்று விதை வீரியம் என்று சொல்லப்படுவதற்கு அதுவே வித்து.

பரிசோதனை என்றதும் கண்ணாடிப் பாத்திரங்களும் மின்சாரக் கருவிகளும் மனத்தில் தோன்றும். அவை உள்ள இடங்களும் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வனக் கல்லூரியும், கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் நிலையமும் மரவிதைகளைப் பற்றி ஆராய்ந்துவருகின்றன. ஆயினும் ஒரு கிராமத்துக் குடியானவருக்குத் தெரியவேண்டியவற்றில் பெரும்பகுதியைப் பாக்குவெட்டி ஒன்றும், ஆற்று மணல் நிரப்பிய தொட்டி ஒன்றும் சொல்லிவிடும்.

முதலாவது மாதிரி எடுக்கும் முறை. மூட்டையின் வாயில் இருப்பதை மட்டும் அள்ளிப் பார்ப்பது பார்த்ததாகாது. மேலும் நடுவும் அடியுமாகக் கையை விட்டு எடுத்து, ஒன்றாய்க் கலந்து, தரையில் பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிரான இரு பங்கை ஒதுக்கி, மிஞ்சியதை மீண்டும் கலந்து பகுத்துக்கொண்டே வந்து, கடைசியில் நானூறு விதை அளவுக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்நானூறையும் பொறுக்காமல், பெரிது சிறிதென்று பாராமல், வந்தபடியே எண்ண வேண்டும். நல்லதாய்ப் பொறுக்கிச் சோதித்துவிட்டு மூட்டை முழுவதும் அப்படியே என்று நம்புவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

இரண்டாவது வெட்டிப் பார்த்தல். தேக்கில் இதற்கு ஈடான சோதனை வேறில்லை. தேக்கு விதை என்று விற்கப்படுவது உண்மையில் விதையன்று. கெட்டியான ஓட்டையுடைய காய். அதனுள்ளே நான்கு அறைகள் உண்டு. நான்கிலும் விதை நிறைந்திருப்பது அபூர்வம். ஒன்றோ இரண்டோ இருப்பதே வழக்கம். பல காய்களில் ஒன்றுமே இராது. வெளியில் பார்த்து இதை அறிய எவராலும் ஆகாது. நூறு காயைப் பாக்குவெட்டியால் குறுக்கே வெட்டி, வெள்ளையான பருப்பு உள்ளவை எத்தனை, வெறும் ஓடு எத்தனை என்று எண்ணினால் அரை நாளில் விடை கிடைத்துவிடும். நூற்றில் அறுபது வெறும் ஓடாயிருந்தால் எந்த மருந்தும் எந்த நேர்த்தியும் அந்த மூட்டையிலிருந்து நாற்பது காய்க்கு மேல் முளைக்கச் செய்யாது. செஞ்சந்தனக் காயிலும் இக்குறையே பெரிது. வேப்பம் விதையை வெட்டிப் பார்க்கும்போது பருப்பின் நிறமே சாட்சி: பசுமையாயிருந்தால் உயிருண்டு, மஞ்சளித்தோ பழுப்பேறியோ இருந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் பழக்கம் சில விதைகளுக்கு உதவும். தேக்குக்கு அது உதவாது. காயின்மேல் பஞ்சுபோல் இருக்கும் சதை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நல்ல காயும் மிதக்கும்.

மூன்றாவது முளைக்கவிட்டுப் பார்த்தல். எண்ணிய நானூறையும் நூறு நூறாக நான்கு பங்காக்கி, கழுவிய ஆற்று மணலில் வரிசையாய் ஊன்றி, ஈரம் காயாமலும் தண்ணீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டு, முளைத்தவற்றை நாள்தோறும் எண்ணி எழுதி வைக்க வேண்டும். நான்கு பங்கும் ஏறக்குறைய ஒத்திருந்தால் கணக்கை நம்பலாம். ஒன்றில் எழுபதும் மற்றொன்றில் நாற்பதுமாய் வந்தால் மாதிரி எடுத்ததிலோ தண்ணீர் விட்டதிலோ பிழை இருக்கிறது; மறுபடி செய்வதே முறை. சவுக்கு, தைலமரம் போன்ற பொடி விதைகள் கிலோவுக்கு லட்சக்கணக்கில் இருக்குமாதலாலும் அவற்றில் பதரைப் பிரிப்பது அரிதாதலாலும், எண்ணிக்கையை விட்டு, இத்தனை கிராம் விதையில் இத்தனை நாற்று என்று எடையைக் கொண்டு கணக்கிடுவதே எளிது. குமிழ மரத்தில் கதை வேறு. ஒரே கொட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட விதை இருக்குமாகையால் நூறு கொட்டையிலிருந்து நூற்றுக்கு மேல் நாற்று எழுந்தாலும் வியப்பில்லை. நாவலிலும் ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று முளை கிளம்புவதுண்டு. அங்கெல்லாம் முளைத்த கொட்டையை எண்ண வேண்டுமேயன்றி முளையை எண்ணலாகாது.

இங்கே எச்சரிக்கை ஒன்று தேவை. முளையாத விதையெல்லாம் செத்த விதை அல்ல. கருவேல், வாகை, கொன்றை முதலியவற்றின் விதைக்குத் தோல் கெட்டி. தண்ணீர் உள்ளே புகாமல் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். கொதிக்க வைத்த நீரை ஊற்றி, அதிலேயே ஆறவிட்டு, ஒருநாள் ஊறவைத்த பிறகுதான் அவற்றைச் சோதனைக்கு இட வேண்டும். தேக்குக் காயை ஒருநாள் ஊறவைத்து ஒருநாள் காயவைத்து, இப்படியே ஒன்றிரண்டு வாரம் மாற்றி மாற்றிச் செய்தபின் விதைப்பது வழக்கம். அவ்வருஷத்துப் புதுக் காயைவிட ஒரு வருஷம் காத்த காய் நன்றாய் முளைப்பதும் கண்கூடு. இதை அறியாமையால் நேர்ந்த அலைச்சலுக்கு நிலம்பூர் சாட்சி. மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்த நாளில், அதன் கலெக்டர் கானலி 1842-இல் அங்கே தேக்குத் தோட்டம் போடத் தொடங்கினார். பலவிதமாய் விதைத்துப் பார்த்தும் முதலில் முளை காணவில்லை. பின்னர் 1844-இல் சாத்து மேனன் என்பவர் நாற்று எழுப்பும் முறையைக் கண்டு நடத்திய பிறகே அத்தோட்டம் நிலைபெற்றது. ஆகவே சோதனையின் முடிவில் முளையாமல் தங்கியவற்றையும் வெட்டிப் பார்க்க வேண்டும். அழுகியது செத்தது; வெறுமையானது பதர்; பருப்பு கெட்டியாகவும் புதிதாகவும் இருப்பது உறங்குவது. இம்மூன்றையும் தனித்தனியே எழுதினால்தான் சோதனை நியாயமாகும்.

இதற்கு நேர்மாறானவை உறங்கத் தெரியாத விதைகள். இலுப்பை, நாவல், பலா ஆகியவற்றின் விதை காய்ந்தால் சாகும். சில வாரத்துக்கு மேல் வைத்திருக்க இயலாது. ஆனி, ஆடியில் பழுத்த இலுப்பைக் கொட்டையை ஐப்பசி மழைக்கு விதைக்க என்று சாக்கில் கட்டி வைப்பது வீண் வேலை. வேம்பு இரண்டுக்கும் இடைப்பட்டது. சதையைக் கழுவி நிழலில் உலர்த்திக் காற்றோட்டமான துணிப்பையில் வைத்தால் சில வாரம் தாங்கும். ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டினால் வெந்துபோகும். வேப்பம் விதையைப் பொறுத்தவரை, பொறுக்கிய தேதி தெரியாத மூட்டையை எந்த விலைக்கும் வாங்காதிருப்பதே உசிதம்.

இனி வீரியம். முளைப்பு விகிதம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு மூட்டைகளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் முப்பதாம் நாள் முடிவில் நூற்றுக்கு 60 முளைத்திருப்பதாக வைத்துக்கொண்டால், சீட்டில் இரண்டுக்கும் ஒரே எண்தான் விழும். ஆனால் ஒன்றில் பன்னிரண்டாம் நாளுக்குள் 50 எழுந்துவிட்டன. மற்றொன்றில் அதே நாளில் 20 மட்டுமே. மீதி ஒவ்வொன்றாய் மாதம் முழுதும் தலை நீட்டின. முன்னது வீரியமுள்ள விதை. பின்னது முதுமை எய்திய விதை. உயிர் இருக்கிறது, வலு இல்லை. நிழலும் நீரும் உள்ள தொட்டியில் இரண்டும் பிழைக்கும். பாத்தியில் மழை அடித்து மேல்மண் இறுகினாலோ, இரண்டு நாள் தண்ணீர் தவறினாலோ பின்னது எழாது. நாள்தோறும் எண்ணி எழுதச் சொல்வது இதற்காகவே. கடைசி நாள் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேற்றுமை தெரியாது.

1911-இல் ஜெர்மனியில் ஹில்ட்னர் என்பவர் தானிய விதைக்குச் செய்த சோதனை ஒன்று கிராமங்களுக்கு மிகவும் ஏற்றது. செங்கல்லை உடைத்துச் சலித்த பரலை ஈரமாக்கி, விதையின்மேல் மூன்று சென்டிமீட்டர் உயரம் பரப்பி, அதைத் தள்ளிக்கொண்டு எத்தனை முளை மேலே வருகிறது என்று அவர் எண்ணினார். வெறும் மணலில் எழுந்துவிடும் நோயுற்ற விதையும் நைந்த விதையும் பரலுக்கடியில் தங்கிவிட்டன. வேம்பு, புங்கம் போன்ற பருத்த விதைகளில் இரண்டு மூட்டைகளை ஒப்பிட வேண்டுமானால், ஒரே தொட்டியில் பாதிக்குப் பாதி ஊன்றி இம்முறையைச் செய்து பார்க்கலாம். ஒரே இன விதைகளை ஒரே நாளில் ஒப்பிடுவதற்கே இது தகும். வேம்பையும் புங்கத்தையும் எதிரெதிரே நிறுத்துவதற்கன்று.

ஆய்வுக்கூடங்களில் இன்னும் விரைவான முறைகள் உண்டு. டெட்ராசோலியம் என்னும் உப்பை நீரில் கரைத்து அதில் பருப்பை ஊறவைத்தால் உயிருள்ள பாகம் சிவக்கும், செத்த பாகம் நிறம் மாறாது. மாதக்கணக்கில் உறங்கும் விதையின் உயிரை ஓரிரு நாளில் இதனால் அறியலாம். விதையைச் சில நாள் சுமார் 40 டிகிரி வெப்பத்திலும் மிகுந்த ஈரக்காற்றிலும் வைத்து வேண்டுமென்றே மூப்படையச் செய்து, பின் முளைக்கவிட்டு, தாங்கியது எவ்வளவு என்று பார்ப்பதும் ஒரு முறை. விலையுயர்ந்த விதையை மொத்தமாய் வாங்கும் நாற்றுப்பண்ணைகள் இவற்றுக்குச் செலவழிப்பது தகும். ஐம்பது மரம் வைப்பவருக்கு மணல் தொட்டி போதும்.

முளைப்பு விகிதம் தெரிந்தால் வாங்கவேண்டிய அளவும் தெரியும். ஆயிரம் வேப்பங்கன்று வேண்டும். முளைத்தவற்றில் நான்கில் மூன்று பங்கு நடவு வரை நிற்கும் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 60 முளைக்கும் விதையில் 2,222 விதை போதும். நூற்றுக்கு 30 முளைக்கும் விதையில் 4,444 வேண்டும். மலிவாய்க் கிடைத்தது என்று வாங்கிய விதைக்கு இரட்டிப்புப் பையும், இரட்டிப்பு மண்ணும், இரட்டிப்புக் கூலியும் ஆவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பரிசோதனைக்கு எட்டாத விஷயம் தாய்மரத்தின் தரம். கோணல் மரத்து விதையும் நூற்றுக்கு 80 முளைக்கலாம். தேக்கில் இது மிகவும் கவனிக்கத்தக்கது. தேக்குப் பூங்கொத்து நுனிக் குருத்திலேயே தோன்றும். இளமையில் பூத்துவிட்ட மரத்தில் நடுத்தண்டின் வளர்ச்சி அங்கே நின்று கவட்டை பிரியும், அடிமரம் குட்டையாகும். சாலையோரத்தில் தாழக் கிளைத்துச் சீக்கிரம் காய்க்கும் மரம் விதை பொறுக்குபவருக்கு எவ்வளவு வசதியோ, நிலக்காரருக்கு அவ்வளவு பாதகம். நெட்டையாய் நேராய் நிற்கும் மரத்தின் காயைப் பொறுக்க அலைச்சல் அதிகம். ஆகையால் விலை கூடுதலாகக் கேட்டால் கொடுப்பதில் தவறில்லை, எந்தத் தோப்பு என்று அவர் சொல்வாரானால்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தில் சற்றே சிந்திக்க வேண்டியவர்கள். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் இத்தனை ஆயிரம் விதை ஊன்றினோம், இத்தனை லட்சம் விதைப்பந்து எறிந்தோம் என்று அறிக்கை எழுதுவது வழக்கமாகிவிட்டது. எறிந்த கணக்கு எழுதப்படுகிறது. எழுந்த கணக்கு எழுதப்படுவதில்லை. மண்ணுருண்டைக்குள் வைத்து வெயிலில் காயப்போட்ட இலுப்பை விதை மழை வருமுன்னரே மாண்டுவிடும்; கருவேல விதையோ நேர்த்தி செய்யாவிட்டால் இரண்டு மழை போனாலும் எழாது. பிள்ளைகள் சேர்ந்து உருண்டை பிடிப்பதில் உற்சாகம் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் பொதுப்பணம் செலவிட்டு விதை வாங்கும்போது, பணம் கொடுக்குமுன் நூறு விதையை வெட்டிப் பார்க்கவும், நூறு விதையைத் தொட்டியில் ஊன்றிப் பார்க்கவும் எந்த உத்தரவும் தடையாக இல்லை.

முன்னோர் சோதித்தா மரம் வைத்தனர் என்று கேட்பவர்களும் உண்டு. வேப்பமரத்தில் காகம் தின்று போட்ட விதை அன்றே உதிர்ந்த விதை. அது மூட்டையில் மூன்று மாதம் கிடந்ததில்லை. இயற்கை ஒரு மரத்துக்காக ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அதற்குக் கூலி கொடுப்பார் யாருமில்லை. குடியானவரோ ஒவ்வொரு பைக்கும் கூலி கொடுக்கிறார். நாற்றுப்பண்ணையாரில் சிலர், நல்ல கன்றாகப் பொறுக்கித்தானே விற்கிறோம், விதையைச் சோதிப்பானேன் என்கின்றனர். முதலில் எழுந்த கன்றும் மாதக் கடைசியில் எழுந்த கன்றும் ஒரே வரிசையில் ஒரே விலைக்கு நிற்பதைப் பார்த்தவர் அந்தச் சமாதானத்தை ஏற்கமாட்டார்.

விற்பவரிடம் கேட்கவேண்டிய சீட்டில் அதிகம் எழுதவேண்டியதில்லை. மரத்தின் பெயர், பொறுக்கிய ஊரும் தோப்பும், பொறுக்கிய மாதம், வெட்டிப் பார்த்ததில் பருப்புள்ளவை நூற்றுக்கு எத்தனை, முளைத்தவை எத்தனை, அவற்றில் பாதி எத்தனையாம் நாளில் எழுந்தன, சோதித்த தேதி. இவ்வளவே. விற்பவர் எழுதித் தந்த எண்ணும், வாங்கியவர் தம் தொட்டியில் கண்ட எண்ணும் பெரிதும் மாறுபட்டால் அடுத்த வருஷம் வேறிடம் பார்க்கலாம். தேக்குக் காய் மார்கழி முதல் மாசி வரை உதிர்வதால் சோதிக்க அவகாசம் உண்டு. வேம்புக்கு அந்த அவகாசம் இல்லை. பொறுக்கிய வாரத்திலேயே வெட்டிப் பார்த்து, மூட்டை வந்த அன்றே தொட்டியிலும் பாத்தியிலும் ஒருசேர விதைத்துவிட வேண்டும். தொட்டியின் கணக்கு அவ்வருஷத்து விதைக்கு உதவாமல் போனாலும், அடுத்த ஆனியில் யாரிடம் வாங்குவது என்பதற்கு உதவும்.